பெரிய திரையில் தெரியாத முகம்

நம் டிவி கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு,

முதலாளி நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். "புதுசா வந்த புள்ளைகளுக்கு ரெண்டு வார்த்த எழுதிக் குடுங்க சந்திரன். நான் சொன்னா யாவாரத்துக்குச் சொல்றேன்னு நெனைப்பாங்க" என்றார். நான் சொன்னால் யாவாரம் படுத்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தும் கேட்டார். என் மனைவி கொடுத்த தேநீர் அன்று நன்றாக அமைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் ஓய்வு பெற்றுவிட்டதாக முதலாளி எல்லோரிடமும் சொல்கிறார். ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. "பயந்து ஓடி வந்தவரு" என்பாள் என் மனைவி. இரண்டில் அவள் சொல்வதே சரி. கொழும்பில் என் மகன் வேலை செய்த கடை தீப்பிடித்த சனிக்கிழமைக்குப் பிறகு, செய்தி ஓடும் திரைகளுக்கு முன்னால் நின்று என்னால் விலை சொல்ல முடியவில்லை. அந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் நம் கடைக்கு வரும் எல்லோரையும்போல நீங்களும் மீனில் மயங்கியிருப்பீர்கள். ஆகவே மீனிலிருந்து தொடங்குகிறேன்.

கடை வாசலில் இருக்கும் பெரிய டிவியில் எப்போதும் மீன்தான் நீந்தும். டிவியோடு கம்பனி அனுப்பிய டிஸ்க் அது. மஞ்சள் மீன், நீல மீன், வால் ஆட்டும்போது செதில் ஒவ்வொன்றும் தனியாக மினுங்கும். ஹட்டனில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மழைக்கு ஒதுங்கி, மீனைப் பார்த்து, பஸ்ஸை விட்டுவிட்டு, உள்ளே வந்து விலை கேட்டிருக்கிறார்கள். அந்த மீனுக்குச் சம்பளம் கொடுத்திருந்தால் என்னைவிட அதிகம் வாங்கியிருக்கும்.

நான் வேலைக்கு வந்த தொண்ணூறுகளில் இந்தத் தொல்லை இல்லை. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயங்கள் பலவற்றுக்குக் கரண்ட் வரவில்லை. கறுப்பு வெள்ளை டிவியைக் கார் பெட்டரியில் போட்டுப் பார்த்தார்கள். பெட்டியில் ஏதாவது அசைந்தால் போதும், சனம் கைதட்டியது. தெளிவு பற்றி யாரும் பேசவில்லை. தட்டையான டிவிகள் வந்த பிறகுதான், "சேர், இது எச்.டி.யா, முழு எச்.டி.யா?" என்று தோட்டத்திலிருந்து வருபவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். புள்ளிகள் கூடினால் படம் கூடும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அந்த யாரோ பெரும்பாலும் நம் முதலாளிதான்.

அவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "உங்க அன்டனா எந்த மலையப் பாக்குது?"

மருதமுத்துவிடமும் அதையே கேட்டேன். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். தீபாவளிக்கு முன்பு ஒரு நாள் மனைவி பாக்கியத்தோடு வந்து மீனுக்கு முன்னால் நின்றுவிட்டார். குடையை மடக்கவும் மறந்துபோனார்.

"அந்த மீன் டிவி எவ்வளவுங்க சேர்?"

"மீன வாங்கப் போறீங்களா, டிவிய வாங்கப் போறீங்களா?"

"அவரு மீனத்தான் சேர் வாங்க வந்திருக்காரு" என்றார் பாக்கியம். "கருவாடு வாங்கக் காசு கேட்டா காது கேக்காது. இந்த மீனப் பாத்ததும் கண்ணு மட்டும் நல்லா தெரியுது."

"நீ சும்மா இரு" என்றார் மருதமுத்து, மீனைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

என் கேள்வியைக் கேட்டேன்.

"மலைய எங்கங்க சேர் பாக்குது? டவர் இருக்க பக்கம் லயத்துக்குப் பின்னால மல மறைச்சுக்கிட்டு நிக்குது. எதுத்தாப்புல ஒரு பாற இருக்கு. அதப் பாத்துத்தான் திருப்பி வச்சிருக்கோம். பாறையில பட்டுத் திரும்பி வருது."

நம் மலைகளில் இது புதிதல்ல. நேராக வரமுடியாத சிக்னல் எதிரே உள்ள பாறையில் மோதி வரும். மலைக்கு மேலாகக் கசிந்து வருவதும் பாறையில் மோதி வருவதும் கொஞ்சம் முன்பின்னாக வந்து சேரும். திரையில் ஓர் ஆளுக்குப் பக்கத்தில் அவருடைய நிழல்போல இன்னோர் ஆள் நிற்பார். கொழும்பில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நம் சனம் பாறையைப் பார்த்துப் படம் பார்ப்பவர்கள்.

"படம் எப்பிடி வருது?"

"தெளிவாத்தான் இருக்கு" என்றார் மருதமுத்து.

"தெளிவா? செய்தி வாசிக்கிற புள்ளைக்கு ரெண்டு மூக்கு சேர்" என்றார் பாக்கியம்.

"ரெண்டாவது மூக்கு மங்கலாத்தான் இருக்கும்."

"பெரிய டிவியில ரெண்டும் பெருசா தெரியும்" என்றேன்.

பாக்கியம் சிரித்தார். மருதமுத்து சிரிக்கவில்லை. நான் மீன் டிஸ்க்கை நிறுத்திவிட்டு, பின் அறையிலிருந்து வரும் வயரைச் சொருகினேன். அந்த வயர், பழைய சட்டை மாட்டும் கம்பியில் நானே செய்த அன்டனாவுக்குப் போகிறது. பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கு எப்படிப்பட்ட படம் வருமோ, ஏறக்குறைய அப்படிப்பட்ட படம் அதில் வரும். மீன் போனது, திரையில் புள்ளி மழை வந்தது. அந்த மழைக்குள் யாரோ ஒருவர் காலநிலை சொல்லிக்கொண்டிருந்தார்.

மருதமுத்து என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், பிறகு டிவிக்குப் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். "மீன் எங்க சேர் போச்சு?"

"மீன் டிவிக்குள்ள இல்லீங்க. டிஸ்க்குல இருந்துச்சு. டிவிக்குள்ள ஒண்ணுமே இல்ல. என்னா அனுப்புறாங்களோ அத மட்டுந்தான் காட்டும். நம்ம ஸ்டேசன்காரங்க அனுப்புறது பழைய டிவிக்கு அளவான படம். பாறையில பட்டு வரும்போது அதுலயும் பாதி போயிருது. மிச்சத்த இந்தப் பெரிய கண்ணாடியில இழுத்துப் பரப்பினா என்னா ஆகும்? ஒரு கரண்டி ஜாம நாலு றாத்தல் பாணுல பூசின மாதிரித்தான்."

அப்படியானால் பெரிய டிவி எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல டிஸ்க் போட்டுப் படம் பார்ப்பவர்களுக்கு அது நல்லதுதான். நாளைக்கு ஸ்டேசன்காரர்களும் தெளிவாக அனுப்பத் தொடங்கினால் எல்லோருக்கும் நல்லது. அதுவரை, பாறையைப் பார்க்கும் அன்டனாவுக்கு அது வீண்.

மருதமுத்துவுக்கு இதெல்லாம் விளங்கியது. ஆனால் அவர் தேடி வந்தது தெளிவை அல்ல. குடையை மடக்கிக்கொண்டே சொன்னார். "பக்கத்து லயத்துல கங்காணி வீட்டுக்குப் பெருசா ஒண்ணு வந்திருக்குங்க. முன்னெல்லாம் சனம் எங்க வீட்டுலதான் ஒக்காந்து பாக்கும். இப்ப வாசல்ல ஒரு செருப்புகூட இல்ல."

"அப்ப டிவி வேணாம், செருப்பு வாங்கி வாசல்ல போடுங்க" என்றார் பாக்கியம்.

கடைசியில் பின்பக்கம் பெருத்த பழைய மாதிரி டிவி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். மங்கலான சிக்னலுக்கு அதுதான் பொருத்தம். அது குறையை மறைத்துக் காட்டும், புதியது குறையை விளக்கிக் காட்டும். முதலாளி கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "சந்திரன், நீங்க நம்ம கடையில வேல செய்றீங்களா, எதுத்த கடையிலயா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கணவன் மனைவி அதன்பிறகு ஹட்டனுக்கு வரும்போதெல்லாம் கடைக்குள் தலையை நீட்டுவார்கள். ஒருமுறை பாக்கியம், "எங்க மூத்தவன் விஜி பரீட்ச எழுதிட்டு சும்மாதான் இருக்கான் சேர். உங்க மகன் கொழும்புல வேல பாக்குற எடத்துல ஏதும் இருந்தா…" என்று கேட்டார். என் மகன் பிரதீபன் கொழும்பில் ஒரு பெரிய துணிக்கடையில் இருந்தான். பேசிப் பார்த்தேன். ஒரு மாதத்துக்குள் விஜியும் அங்கே சேர்ந்துவிட்டான். ஒரே போர்டிங்கில் தங்கினார்கள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே உயரம். கடையில் எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். பிள்ளை கொழும்புக்குப் போன நாளிலிருந்து காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை அவனுக்கு போன் எடுத்துப் பேசுவேன். மழையா, சாப்பிட்டாயா, ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்தாயா. "அவன் மூச்சு விடுறானான்னு மட்டும் கேளுங்க, மத்தத எல்லாம் அதுவே சொல்லிரும்" என்பாள் என் மனைவி. பிரதீபன் சில நேரம் போனை விஜியிடம் கொடுத்துவிடுவான். விஜி அவனுடைய குரலிலேயே, "சாப்பிட்டேன்பா, குடை இருக்குப்பா" என்பான். நானும் ஏமாந்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானச் செய்தியில் தீயைக் காட்டினார்கள்.

கடையில் செய்தி ஓடிக்கொண்டிருந்த எல்லா டிவியிலும் ஒரே புகை. தெருவின் பெயரைச் சொன்னார்கள். அடுத்து அந்தக் கட்டடம் தெரிந்தது. மேல்மாடி ஜன்னல்களில் இருந்து புகை வந்துகொண்டிருந்தது, கீழே தீயணைப்பு வண்டி நின்றது, சனம் ஓடியது. கமரா நடைபாதையைக் கடந்து போகும்போது ஒரு கணம், நீலச் சட்டை போட்ட ஒரு பையன் சுவரில் சாய்ந்து, தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். கையை ஏதோ துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தான். அதற்குள் கமரா நகர்ந்து மறுபடி ஜன்னலுக்குப் போய்விட்டது.

பிரதீபனுக்கு போன் எடுத்தேன். போகவில்லை. விஜிக்கு எடுத்தேன். போகவில்லை. துணிக்கடைக்கு எடுத்தேன், மணி அடிக்கவே இல்லை. மறுபடி பிரதீபனுக்கு.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

"அடுத்த செய்தியில திரும்பக் காட்டுவாங்க" என்றேன். "பிடிச்சு வைக்கணும்."

பின் அறையில் பழைய வீடியோ டெக் இருந்தது. அதைக் கொண்டுவந்து வயர் கொடுத்து, கசட் போட்டுக் காத்திருந்தேன். அடுத்த செய்தியில் காட்டினார்கள். பிடித்துவிட்டேன். இனி அதைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும்.

அந்த வாரம்தான் கடைக்கு முழு எச்.டி. டிவி ஒன்று வந்திருந்தது. கடையிலேயே பெரியது. ஓரத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை உரிக்க முதலாளி யாரையும் விடவில்லை. தூசு தட்டக்கூட அவரே தட்டினார். நான் டெக்கைத் தூக்கிக்கொண்டு அதனிடம் போனதும், அவரே அந்தப் பிளாஸ்டிக்கை ஒரே இழுப்பில் கிழித்தெறிந்தார். அதில் ஓடிக்கொண்டிருந்த மீனை நிறுத்தினார். "போடுங்க" என்றார்.

போட்டேன். பையன் வந்தான். நிறுத்தினேன்.

ஆள் உயரத்துக்குத் தெரிந்தான். ஆனால் அவனுக்கு முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெளிறிய ஒரு பழுப்புத் திட்டு. கிட்டப் போனேன். திட்டு இன்னும் கரைந்தது. மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்குப் போனேன். வெறும் நிறங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"சார்ப்னஸ்ஸக் கூட்டுங்க" என்றார் முதலாளி. கூட்டினேன். பையனைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று வந்தது. முகம் வரவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். கறுப்பு வெள்ளையாக்கினேன். முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லா வித்தையையும் செய்தேன். இத்தனை வருடம் அந்த வித்தைகள் ஒன்றுக்கும் உதவாது என்று வாடிக்கையாளர்களுக்கு விளக்கியவன் நான்தான்.

"பிரதீபன் இல்ல சந்திரன். முடி அவன் முடி இல்ல" என்றார் முதலாளி.

"முடி எங்க தெரியுது?"

"அந்தா, கறுப்பா."

"அது சுவத்துல நிழல்."

அவர் மறுபடி உற்றுப் பார்த்தார். "அப்ப நிழலாத்தான் இருக்கும்" என்றார் பாவம்.

உட்கார்ந்திருந்தது இருவரில் ஒருவன் என்பது மட்டும் எனக்கு எப்படியோ உறுதியாகத் தோன்றியது. பிரதீபனா, விஜியா? அந்தத் திட்டில் நான் எந்த முகத்தைக் காண விரும்பினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு எழுதாமலே தெரியும். மற்றவர்கள் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது.

என் மனைவி வந்தாள். அயல்வீட்டில் செய்தி பார்த்துவிட்டு, வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருந்தாள். வாசலில் நின்றபடி திரையைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா இதப் பாத்துக்கிட்டிருக்கீங்க?"

"கொஞ்சம் இரு. இன்னும் கொஞ்சம் தெளிவா…"

"அனுப்பாத முகத்த எப்பிடி எடுப்பீங்க? ஊருக்கெல்லாம் நீங்கதானே இதச் சொல்லுவீங்க. ஜாமு, பாணுன்னு." அந்த நேரத்திலும் அவளுக்கு அது வாயில் வந்தது. "தள்ளுங்க. போனக் குடுங்க."

"யாருமே எடுக்கல. எல்லாருக்கும் எடுத்துட்டேன்."

"போர்டிங் நோனாவுக்கு எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. போர்டிங் வீட்டுக்காரச் சிங்களப் பெண்ணுக்கு வருடப்பிறப்புக்கும் பொங்கலுக்கும் போன் எடுத்துப் பேசுபவள் என் மனைவிதான். "பிள்ளை எப்படி" என்று பிள்ளையிடமே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்த வீட்டில் ஒரு போன் இருப்பதே நினைவில் இல்லை.

முதல்முறை கிடைக்கவில்லை. இரண்டாம்முறை மணி அடித்தது. என் மனைவி அரைகுறைச் சிங்களத்தில் தன் பெயரைச் சொல்லத் தொடங்கினாள். அந்தப் பக்கம் அவளை முடிக்கவிடவில்லை. "புத்தா இன்னவா! மெஹே இன்னவா!" என்ற சத்தம் எனக்கே கேட்டது. மகன் இருக்கிறான், இங்கேதான் இருக்கிறான்.

அவள் போனை என் காதில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த டிவிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

இரைச்சல். அதற்குள் "ப்பா… ப்பா…" என்று இரண்டு துண்டு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி.

"பிரதீபா! ஒனக்கு என்னாடா ஆச்சு?"

"கத்தாதீங்கப்பா, கேக்குது. எனக்கு ஒண்ணுமில்ல. போன் கடைக்குள்ள போயிருச்சு… விஜிக்குத்தான் கை சுட்டுருச்சு. பெரியாஸ்பத்திரியில வச்சிருக்கு. நல்லா பேசுறான். கை மட்டுந்தான்னு டொக்டர் சொல்லிட்டாரு. அவன் ஐடென்டி கார்ட எடுத்துட்டுப் போகத்தான் ஓடி வந்தேன்…" குரல் போனது, வந்தது. "அவங்க வீட்டுக்கு யாராச்சும் சொல்லணும்பா. போன் இல்ல. டிவியில காட்டிட்டாங்களாம். அம்மா பாத்திருப்பாங்கன்னு அழுவுறான்."

விஜிக்குச் சுட்டது கை. அவன் அழுதது தன் தாய் அதைப் பார்த்திருப்பாள் என்று.

தோட்டத்து ஒஃபிசுக்கு போன் எடுத்தோம். சனிக்கிழமை மத்தியானத்தோடு பூட்டிவிடுவார்கள். மணி அடித்தபடியே இருந்தது.

"வேன எடுக்கிறேன்" என்றார் முதலாளி. அவருடைய வேன் டிவி ஏற்றி இறக்க மட்டும்தான். பெற்றோலை நினைத்துப் பிள்ளையார் கோயிலுக்குக்கூட நடந்து போகும் மனிதர் அவர். அன்று கடையை அவசரமாகப் பூட்டிவிட்டு எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார். வேன் தலவாக்கலையைத் தாண்டியது. பிறகு அவர், "அந்த டிவி பிளாஸ்டிக்க உரிச்சிருக்கவே தேவையில்ல" என்றார். என் மனைவி சிரித்தாள். சிரித்தவள் அப்படியே அழுதுவிட்டாள்.

பூண்டுலோயாவிலிருந்து மேலே ஏறும்போது மழை விட்டு மூட்டம் இறங்கியிருந்தது. லயத்து வாசலில் சனம் கூடி நின்றது. வாசல் நிறையச் செருப்புகள். அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனோம். நான் விற்ற டிவிக்கு முன்னால், தரையில், பாக்கியம் உட்கார்ந்திருந்தார். திரையில் வெறும் இரைச்சல் மழை.

அவர் என்னைப் பார்த்ததும் எழவில்லை. "எம்புள்ள சேர்" என்றார். "சுவத்துல சாஞ்சு ஒக்காந்துருந்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கை மட்டுந்தான் அக்கா. நல்லா பேசுறான். எங்க பிரதீபன் கூடவே இருக்கான். நீங்க பாத்திருப்பீங்கன்னுதான் அழுவுறானாம்."

பாக்கியம் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு, "அழுவுறானா?" என்றார். "அப்ப நல்லாத்தான் இருக்கான்." அதன்பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

"இதுலயா தெரிஞ்சிச்சு?" என்று நான் அந்த டிவியைக் காட்டிக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

"ரெண்டு ரெண்டாத்தான் தெரிஞ்சான். ரெண்டும் அவன்தான்" என்றார் பாக்கியம். "அவருதான் நம்பல. அது வேற யாரோ, தெளிவா பாத்தாத்தான் சொல்ல முடியும்னு மேல போனவரு இன்னும் எறங்கல."

அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது. லயத்துக்கு மேலே, தேயிலைச் சரிவில், மூட்டத்துக்குள் இருந்து:

"இப்ப தெரியுதா?"

வாசலில் நின்ற ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மேலே பார்த்துக் கத்தினாள். "இல்லண்ணே!"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "இப்ப?"

"இல்ல!"

மத்தியானத்திலிருந்து அப்படித்தானாம். பாறையைப் பார்த்திருந்த அன்டனாவை அவர் ஒவ்வொரு மலைக்கும் திருப்பிக்கொண்டிருந்தார். மழையில் நனைந்தும் இறங்கவில்லை. ஆட்கள் போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். "அடுத்த செய்தி வரட்டும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

நான் வெளியே ஓடி வந்து என்னால் முடிந்தமட்டும் கத்தினேன். "மருதமுத்து! விஜி நல்லாருக்கான்! பேசுறான்! எறங்கி வாங்க!"

மேலே சத்தம் நின்றது. ஆள் வரவில்லை.

தேயிலைக்குள் ஏறிப் போனேன். சப்பாத்து வழுக்கியது. மருதமுத்து இரண்டு கைகளாலும் அன்டனா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் கிட்டப் போய், பிரதீபன் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். கை மட்டும். பெரியாஸ்பத்திரி. டொக்டர் சொன்னது. அவன் அழுதது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கையை மட்டும் குழாயிலிருந்து எடுக்கவில்லை.

கடைசியில் கேட்டார். "சேர், அன்னைக்கு அந்த மீன் டிவிய எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குங்களா?"

குரலில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. தெரிந்துகொள்ள மட்டும்தான் கேட்டார். எத்தனையோ பேருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன், கரண்டியும் ஜாமும் வைத்து.

"இல்லீங்க" என்றேன். "அதவிடப் பெருசுல இன்னைக்கு நான் பாத்தேன். எம்புள்ளையா உங்க புள்ளையான்னு எனக்குத் தெரியல."

அவர் திரும்பி முதல்தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "நீங்களுமா பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"ஆமா. மூக்கக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு."

"கிட்டப் போகப் போக ஒண்ணும் தெரியாதே சேர்."

"தெரியாது."

"அவ தூரத்துல ஒக்காந்துகிட்டே சொல்லிட்டா" என்றார். குழாயிலிருந்து ஒரு கையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு மற்றக் கையையும் எடுத்தார்.

கீழே லயத்து வாசலில் அந்தப் பெண் இன்னும் எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மருதமுத்து கேட்காமலே, "இன்னும் தெரியலண்ணே!" என்று கத்தினாள்.

"தெரிஞ்சிருச்சு, டிவிய அமத்தச் சொல்லு!" என்று மருதமுத்து கத்திவிட்டு, நான் வழுக்கிவிடாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.